நீரும் மௌனமும்: 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையும் அதன் திரைவடிவமும்

முன்னுரை

சிறுகதையையும் அதன் திரைவடிவத்தையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் விடுபட்டவை, சேர்க்கப்பட்டவை எனப் பட்டியலிடுவதோடு அமைகின்றன. மூலத்தைத் திரைப்படம் எவ்வளவு பின்பற்றியுள்ளது என்பதே அவற்றின் அளவுகோலாகிறது. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதைக்கு இவ்வளவுகோல் பொருந்துவதில்லை. அக்கதை நாவலொன்றின் வழியாகவே திரைக்கு வந்தது. அவ்வழியில் அதன் முடிவு தலைகீழாயிற்று. இம்மாற்றம் மூலக்கதையைப் பற்றி என்ன கூறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று வடிவங்கள்

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த இச்சிறுகதை கடும் விவாதத்தை எழுப்பியது. பின்னர் ஜெயகாந்தன் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்னும் தொடரை எழுதினார். அது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என நூலாகி, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதே பெயரில் ஏ. பீம்சிங் இயக்கிய திரைப்படம் 1977இல் வெளிவந்தது. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதியமையால், முடிவின் மாற்றத்தைத் திரைத்துறையினர் செய்த சிதைவாகக் கருத இயலாது. அது ஆசிரியர் தம் கதையிடமே எழுப்பிய வினா.

தாயின் செயல்

மழை மாலை, பேருந்து நிறுத்தம், அந்நியனின் கார் ஆகியன இரு வடிவங்களுக்கும் பொது. வேறுபாடு வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. சிறுகதையில் தாய் முதலில் அதிர்ந்து சினந்தாலும் விரைவில் தன்னை அடக்கிக்கொள்கிறாள். மகளின் தலையில் நீர் ஊற்றி, அவள் தூய்மையானவள் என உறுதி கூறுகிறாள். தலைப்புச் சுட்டுவது நெருப்பை, நிகழ்வதோ நீராட்டு. சீதையின் தீப்புகல் ஊரார் முன் நிகழ்ந்த மெய்ப்பிப்பு. இங்கு ஊரார் இல்லை; எவர்க்கும் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதுமில்லை. தாயின் சொல்லே போதும். ஆயின் அச்சொல்லைக் காப்பது அவளது மௌனம்.

திரைப்படத்தில் அம்மௌனம் உடைகிறது. தாயின் ஓலத்தால் செய்தி வெளிப்பட, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். இத்தாய் கொடியவள் அல்லள். சிறுகதைத் தாய்க்கு வாய்த்த அந்நேரத்து நிதானம் இவளுக்கு வாய்க்கவில்லை.

கதைக்குள் கதை

கங்காவின் வாழ்வை ஒத்த கதையொன்றை ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதுகிறார்; திரையில் அவராக நாகேஷ் தோன்றுகிறார். அக்கதையின் தாய் நீர் ஊற்றுகிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின் அதனைப் படிக்கும் கங்கா, தனக்குக் கிடைக்காத நீரை அச்செழுத்தில் காண்கிறாள். 1966இன் வாசகர் முன் நிகழ்வாக நின்றது, திரையில் நிகழாது போன ஒன்றாகிறது.

தாய் ஒருத்தி இவ்வாறு செய்வாளா என ஐயுற்றவர்களுக்குத் திரைப்படம் வாதத்தால் விடை கூறவில்லை. செய்யாவிடில் விளைவது யாது எனக் காட்டுகிறது. கங்காவுக்குக் கல்வியும் பதவியும் ஊதியமும் வாய்க்கின்றன. எனினும் அவள்மீது படிந்த பழி நீங்குவதில்லை. அவளுக்கு ஆதரவளித்த மாமாவே அப்பழியைத் தம் இச்சைக்கு வாய்ப்பாகக் கொள்கிறார்.

முடிவுரை

சிறுகதையின் கருணை மறைத்தலைச் சார்ந்தது. பிறர் அறியாதவரையில் மட்டுமே நிலைக்கும் தூய்மை எத்தகையது என்னும் வினாவைச் சிறுகதை எழுப்பவில்லை. ஒற்றைக் கணத்தில் நிறைவுறும் அதன் வடிவம் அதற்கு இடந்தரவுமில்லை. நாவலும் அதன்வழித் திரைப்படமும் அக்கணத்திற்குப் பிந்திய ஆண்டுகளைக் காட்டி அவ்வினாவை எழுப்புகின்றன. எனவே இத்திரைப்படத்தை மூலத்தின் தழுவல் என்பதினும் மூலத்தின் மீதான திறனாய்வு எனக் கொள்வதே பொருந்தும். திரைப்படத்தைக் கண்டபின் சிறுகதைக்கு மீளும் வாசகர், தாய் ஊற்றிய நீரைக் காட்டிலும் அவள் காத்த மௌனத்தையே உற்றுநோக்குவர்.