வீட்டுக்கும் ஒரு பி.டி.ஐ.

ஒரகடம் பக்கம் கார் லைனில் வேலை பார்ப்பவரிடம் பி.டி.ஐ. என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன் ஒருவர் செக் ஷீட்டோடு அதைச் சுற்றி வருவார். கதவு இடைவெளி, பெயின்ட், விளக்கு, பிரேக், டயர் காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்த பிறகுதான் சாவி. அதே ஆள் படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ வீடு வாங்கும்போது அரை மணி நேரம் சுற்றிப் பார்க்கிறார், கிச்சன் மேடையைத் தடவிப் பார்க்கிறார், இருபது வருஷ இ.எம்.ஐ.க்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இந்த வட்டாரத்தில் வீடு பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் என்கிறார்கள். அந்த நாள் எப்படிப் போகும், அதிலிருந்து என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஷிஃப்ட் முடிந்து போனில் கேட்பவர்கள் அதிகம். அவர்களுக்காகத்தான் இது. இதையே தொழிலாக எடுக்க நினைக்கும் சிவில் டிப்ளமோ பிள்ளைகளுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் தேதி. ஆவணியில் கிரகப்பிரவேசம் என்று முடிவாகி, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் பாத்ரூம் கசிகிறது என்று சொன்னால் காதில் வாங்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. பில்டருக்கும் அது தெரியும். “பால் காய்ச்சிடுங்க சார், அப்புறம் ஆள் அனுப்பி முடிச்சுத் தர்றேன்” என்பார். கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை. வேலை முடிந்திருக்க வேண்டும், கடைசிப் பணம் போயிருக்கக் கூடாது, கபோர்டும் ஃபால்ஸ் சீலிங்கும் வந்திருக்கக் கூடாது. அந்த இடைவெளிதான் சரியான நேரம். கபோர்டு ஏறிவிட்டால் பின்னால் இருக்கும் சுவர் அதோடு மறைந்தது. பழைய வீடு என்றால் கிரயத்துக்கு முன்பே பாருங்கள். அட்வான்ஸ் ஒப்பந்தத்திலேயே சோதனைக்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் வீட்டு ஒப்பந்தத்தில் இப்படி ஒரு நிபந்தனை சேர்ப்பது சர்வ சாதாரணம். அங்கே இன்ஸ்பெக்டர்களுக்கு 1976 முதலே தேசிய அளவில் சங்கம் இருக்கிறது. இங்கே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை. அடைமழை காட்டிக் கொடுக்கும் கசிவைச் சித்திரை வெயிலில் எந்தக் கருவியும் முழுசாகக் காட்டாது.

இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஒரு நாள் லீவு போடுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு வராதீர்கள், கூடவே நடக்க வேண்டும். வீட்டில் கரண்டும் தண்ணீரும் இருக்கிறதா என்று முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் ஓடாத, மேல் டேங்க் காலியான வீட்டில் பாதி வேலை நடக்காது.

“லோன் கொடுத்த பேங்க் ஆள் வந்து பார்த்துட்டுப் போனாரே?” இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. அவர் வந்தது மதிப்பீட்டுக்கு. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பது அவர் வேலை. பேங்க் வக்கீல் பார்ப்பது பத்திரமும் வில்லங்கமும். இரண்டு பேருமே பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில்லை.

நான் ஆரம்பிப்பது பாத்ரூமில்தான். முந்தின நாள் காலையிலேயே ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டச் சொல்லியிருப்பேன். இருபத்து நான்கு மணி நேரமாவது நிற்க வேண்டும். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்போம். மறுநாள் வந்ததும் நேரே போவது அந்த பாத்ரூமுக்குக் கீழே இருக்கும் அறைக்கு. சீலிங்கை அண்ணாந்து பார்த்து, பைப் இறங்கும் மூலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, பிறகு ஈரம் பார்க்கும் மீட்டரை வைப்பேன். அதற்கப்புறம் மேலே வந்து அடைப்பை எடுத்தால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் மேஸ்திரியின் கைத்திறன் தெரியும். வாட்டம் சரியாக இருந்தால் கடைசிச் சொட்டு வரை ஓட்டைக்குப் போகும். இல்லையென்றால் கதவோரம் குளம் கட்டி நிற்கும். அந்த வீட்டில் தினமும் யாரோ ஒருவர் துடைப்பத்தோடு அதைத் தள்ளப் போகிறார்.

மாத்தூர் பக்கம் ஒரு வீடு. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கும் ஒரு பெண்ணும் அவர் கணவரும் வாங்கியது. ஹால் டைல்ஸை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். கலவை நிறைந்து உட்கார்ந்த டைல்ஸில் கெட்டியான சத்தம் வரும். அடியில் வெற்றிடம் இருந்தால் பொக்கென்று கேட்கும். பொக்குச் சத்தம் வந்ததில் எல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். பதினெட்டு ஆனது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

“இதெல்லாம் ரிஜெக்‌ஷனா சார்?”

“இல்லம்மா, ரீவொர்க்.”

அவருக்கு உடனே புரிந்தது. வீட்டுச் சோதனையில் பிடித்துக்கொள்ள வேண்டிய பிரிவு இதுதான். பொக்கு டைல்ஸ், வாட்டம், மூடாத கதவு, ஃபேஸ் நியூட்ரல் மாறிப்போன பிளக் பாயின்ட், மொட்டை மாடியில் தட்டோடு இடுக்கு விரிந்திருப்பது எல்லாம் ரீவொர்க். ஆள் வைத்துச் சரிசெய்யலாம். ரிஜெக்‌ஷன் என்பது மிகக் குறைவு, ஆனால் அது வேறு ரகம். வீடு நிற்கும் இடம், அதைத் தாங்கும் எலும்பு, அப்ரூவல் பிளானுக்கும் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம். இதில் கோளாறு என்றால் எந்த மேஸ்திரியாலும் மாற்ற முடியாது. அறுபது குறை எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டையே வேண்டாம் என்று ஓடுபவர்களையும், மூன்றே குறை உள்ள வீட்டை நம்பி ஏரி வழியில் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையை விட்டுவிட்டுக் குறை எந்த வகை என்று பாருங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்ல இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அந்தச் சங்கிலியின் நடுவேதான் பல மனைப்பிரிவுகள் வந்திருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே இடங்கள் மூழ்கின. அதனால் வீட்டுக்குள் நுழையும் முன் தெருவில் நடப்பேன். பழைய காம்பவுண்டுச் சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக் கோடு இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியை ஏன் அவ்வளவு உயர்த்தியிருக்கிறார், ரோடு மட்டம் வீட்டுத் தரையைவிட மேலே வந்துவிட்டதா என்று பார்ப்பேன். எதிர் வீட்டு ஆயாவிடம் “போன மழைக்குத் தண்ணி எதுவரை வந்துச்சு?” என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். எந்தக் கருவியும் தராத அளவு அது.

அடுத்தது மண். நஞ்சை நிலத்தில் மண் அடித்து மேடாக்கிய மனைகள் இங்கே ஏராளம். பல இடங்களில் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் அடித்த மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரைக்குப் போகவில்லை என்றால் சுவர் சொல்லிவிடும். விரிசலைப் பார்த்ததும் பதற வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கையேடு 1 மில்லிமீட்டருக்குக் கீழே மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகலம் என்று பிரிக்கிறது. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடுவது பூச்சோடு முடிந்தது. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் கோடு, அங்கே கம்பி வலை வைக்காமல் பூசியதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்பில் படி படியாக இறங்கி, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிகிறது என்றால் நின்று பார்ப்பேன். இரண்டு முனையிலும் பென்சிலால் தேதி போடுவேன். சில வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் விவகாரம் கீழே மண்ணில் இருக்கிறது. பழைய வீடுகளில் சீலிங்கில் கம்பி ஓடும் வழியிலேயே வெடித்துத் துருக்கறை இறங்கினால் அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வர வேண்டும். அதோடு நான் ஒதுங்கிக்கொள்வேன்.

கருவிகளை மிகையாக நம்பாதீர்கள். தெர்மல் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. ஈரமான இடம் குளிர்ந்திருப்பதை நிறத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். கான்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். அதை வைத்துக் கணிக்கும் பலம் 25 சதவீதம் வரை முன்பின் ஆகலாம் என்று இந்தியத் தரக்குறிப்பே சொல்கிறது. அஸ்திவாரத்தை எந்தக் கருவியை வைத்தும் என்னால் காட்ட முடியாது. அதனால்தான் மண் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் கேட்கிறேன். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழை மாலையில் விழுந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். போரூர் வழியாக நம்மில் பலர் தினமும் பஸ்ஸில் கடக்கும் பகுதி அது. மண் ரிப்போர்ட்டையும் டிராயிங்கையும் கேட்டால் பில்டர் முகம் சுளிக்கலாம். கேளுங்கள்.

கரண்ட் வேலையில் ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்த வீட்டில் குழந்தைகளை விடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனி லைன் வந்திருக்கிறதா என்பதை மீட்டர் வைத்து நாங்கள் பார்ப்போம். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரம்.

ரிப்போர்ட் சில நாளில் போட்டோக்களோடு வரும். அதில் பாஸ், ஃபெயில் என்று இருக்காது. வாங்கலாமா என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் பணம், உங்கள் முடிவு. குறை எங்கே, எவ்வளவு தீவிரம், யார் சரிசெய்ய வேண்டும் என்பது இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விடாமல் பில்டருக்கு ஈமெயிலோ பதிவுத் தபாலோ அனுப்பித் தேதி வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், பில்டர் 30 நாளில் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மிகாமலோ கட்டும் வேலைகளுக்கு ரெரா பதிவு தேவையில்லை. படப்பை, மணிமங்கலம் பக்கம் இரண்டு கிரவுண்டில் நான்கு வீடு கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை. அங்கே அந்த ஐந்து வருடத்தை நம்பி உட்காராமல், அதே பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இனி இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு. ஹோம் இன்ஸ்பெக்டர் என்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் கிடையாது. மீட்டர் வாங்கியவரெல்லாம் இன்ஸ்பெக்டர் ஆகிவிட முடிவது வாங்குபவருக்கு ஆபத்து. அதனால் உங்கள் தகுதியை நீங்களே கட்ட வேண்டும். சிவில் டிப்ளமோ அல்லது டிகிரியோடு குறைந்தது மூன்று, நான்கு வருடம் சைட்டில் நில்லுங்கள். மொட்டை மாடியில் சுருக்கி போடும்போதும் கம்பி கட்டும்போதும் நேரில் பார்த்தவருக்குத்தான், மூடிய பிறகு எங்கே தப்பு நடந்திருக்கும் என்று தெரியும். ஒயரிங் கற்றுக்கொள்ளுங்கள்; சிவில் பிள்ளைகள் கோட்டை விடுவது அதில்தான். தொழிற்சாலைக் குவாலிட்டியில் இருந்தவர்களுக்கு ஒரு பலம் உண்டு, பார்த்ததை மட்டும் எழுதும் பழக்கம். “தரமற்ற வேலை” என்று எழுதாதீர்கள். “மாஸ்டர் பாத்ரூம், கதவோரம், 12 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கியது” என்று எழுதுங்கள். பில்டரிடம் கமிஷன் வாங்கக் கூடாது, நீங்கள் கண்டுபிடித்த குறையை நீங்களே ரிப்பேர் செய்து தருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. இதில் ஒருமுறை வழுக்கினால் அந்த மனைப்பிரிவு முழுக்கப் பெயர் போய்விடும். இதே அனுபவத்தோடு பில்டர்களின் குவாலிட்டி பிரிவுக்கும் போகலாம்; டிகிரியும் போதிய அனுபவமும் இருந்தால் தேர்வு எழுதிப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளராகவும் ஆகலாம்.

கட்டணம் பேசும்போது இரண்டாம் வருகையையும் சேர்த்துப் பேசுங்கள், வாங்குபவரும் சரி, இன்ஸ்பெக்டரும் சரி. சரிசெய்துவிட்டோம் என்று பில்டர் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பது அது. மாத்தூர் வீட்டுக்கு ஐந்து வாரம் கழித்துப் போனேன். பதினெட்டு டைல்ஸையும் மாற்றியிருந்தார்கள். நான் பையைத் திறப்பதற்குள் அந்தப் பெண் தன் பர்ஸிலிருந்து நாணயம் எடுத்து ஹாலின் ஒரு மூலையில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்திருந்தார். ஜன்னலோரம் கை நின்றது. திரும்பவும் தட்டினார். புதிதாகப் போட்டதிலேயே ஒன்று பொக்கு. சாக்பீஸுக்காக என்னிடம் கையை நீட்டினார்.