வானில் மெதுவாய்ப் பறத்தல் போரில் பயன்தருமா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்து, கொண்டை ஊசி வளைவை நெருங்கியதும் ஓட்டுநர் கியரை மாற்றி வேகத்தைக் குறைப்பதை நாம் யாவரும் அறிவோம். வேகம் குறைந்தால் சிறிய வட்டத்தில் திரும்பலாம். அப்படியானால் போர் விமானமும் வேகத்தைக் குறைத்துச் சட்டெனத் திரும்பி, துரத்தி வரும் பகைவனை முந்தவிட்டு, அவன் பின்புறம் சென்றுவிடலாமன்றோ? போர் நமக்கு உவப்பான பொருளன்று. ஆயினும் இதிலுள்ள இயற்பியல் மிகச் சுவையானது.

வட்டப் பாதையின் ஆரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை மையநோக்கு முடுக்கத்தால் வகுக்கக் கிடைப்பது. விநாடிக்கு 250 மீட்டர், அதாவது மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு முடுக்கத்துடன் திரும்பும் விமானத்திற்கு ஆரம் சுமார் 1,040 மீட்டர். வேகம் பாதியானால் ஆரம் கால் பங்காகும் என்று விடைத்தாளில் எழுதத் தோன்றும். ஆனால் பேருந்தைத் திருப்புவது சாலையின் பிடிப்பு. விமானத்தைத் திருப்புவதோ இறக்கையின் மேல் ஓடும் காற்று. அக்காற்று தரும் தூக்குவிசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததே! இறக்கை தன் முழு ஆற்றலையும் ஏற்கெனவே செலவிட்டிருக்குமாயின், பாதி வேகத்தில் விசையும் கால் பங்காகிவிடும். ஆரம் குறையாது, சுற்றி வர இரு மடங்கு நேரமாகும். மெதுவாகப் போனவர் தோற்றார்.

பின் மெதுவேகத்தால் என்னதான் பயன்? பாதையைத் திருப்புவது வேறு, மூக்கைத் திருப்புவது வேறு. சாதாரண இறக்கையைக் காற்றுக்கு எதிரே 15 பாகை அளவுக்கு மேல் நிமிர்த்தினால் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சரியும். இதனை ‘ஸ்டால்’ என்பர். 1989ஆம் ஆண்டு பாரிஸ் விமானக் கண்காட்சியில் ரஷ்ய விமானி விக்டர் புகச்சோவ், சுகோய்-27 விமானத்தைப் படமெடுத்த நாகம்போல் செங்குத்துக்கும் அப்பால் நிமிர்த்தி, மீண்டும் தாழ்த்திக் காட்டினார். அந்த இனத்தைச் சேர்ந்த நமது சுகோய்-30 எம்.கே.ஐ. 2002இல் விமானப் படையில் சேர்ந்தது. அதன் எஞ்சின் புகைவாய்கள் 15 பாகை வரை திரும்பக்கூடியவை. எனவே இறக்கை கைவிட்ட பின்னும் எஞ்சினைக் கொண்டே மூக்கைத் திருப்பலாம். அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்-31 விமானம், 1990களின் சோதனைகளில் இவ்வித்தையால் நெருக்கச் சண்டைகளில் பெரும்பாலும் வென்றது. ஒருவருக்கொருவர் பொருதும்போது முதலில் மூக்கை நீட்டுபவரே முதலில் சுடுகிறார்.

ஆனால் அங்கே இரண்டாவது பகைவன் இருந்தால்? வேகம் விமானியின் கைப்பொருள். நிமிர்ந்து நின்ற சில விநாடிகளில் அது கரைந்துபோகிறது. மீண்டும் சேர்க்க உயரத்தை விற்க வேண்டும். அதுவரை விமானம் எளிய இலக்கு. 1982 பாக்லாந்து போரில் பிரிட்டனின் சீ ஹாரியர்கள், புகைவாயைத் திருப்பி நடுவானில் வேகத்தைக் குறைக்கும் தந்திரத்தால் வென்றன என்ற பேச்சு பரவியது. உண்மையில் வெற்றி தந்தவை சைடுவைண்டர் ஏவுகணையும் விமானிகளின் பயிற்சியுமே.

மெதுவேகத்தின் ஆபத்தை 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் கண்டோம். குண்டுகள் விழும் ஓடுபாதையிலிருந்து பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன் தம் சிறிய நாட் விமானத்தில் எழும்பினார். எழும்பும் விமானத்திற்கு வேகமுமில்லை, உயரமுமில்லை. எதிரே ஆறு சேபர்கள். ஒன்றைச் சுட்டார், மற்றொன்றைத் தீப்பற்றச் செய்தார், பின் வீழ்ந்தார். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18ஆம் படைப்பிரிவு, 2020 மே 27 அன்று நம் மலையடிவாரத்துக்கு அப்பால் சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. 2024இல் அப்படைப்பிரிவில் சேர்ந்த மோகனா சிங், தேஜஸ் ஓட்டும் முதல் பெண் விமானியானார்.