பட்டறைக்குப் புதிதாக வந்த உனக்கு

கண்ணு, நாளைக் காலையில் நீ முதல்முறையாகத் தனியாக ஒரு டொயோட்டா குவாலிஸின் ஃபேன் கிளட்சை மாற்றப் போகிறாய் என்று சொன்னார்கள். 2000-இல் பிடதித் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கி, 2005-இல் இன்னோவா வந்ததோடு விடைபெற்ற வண்டி அது. உனக்கும் அதற்கும் வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது. நாலு நட்டு, ஒரு பெல்ட். கை பழகியவன் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவான். கைவேலை சொல்லித்தரப் பட்டறையில் ஆள் இருக்கிறது. அந்த வேலையில் ஆள் தவறு செய்கிற இடங்களைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன். ஊட்டி ஏறப் போகிற வண்டிகளையும், ஏற முடியாமல் மேட்டுப்பாளையத்துக்கே திரும்பி வந்த வண்டிகளையும் பார்த்துப் பார்த்து நரைத்த தலை இது.

1. பொருளைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதே. ஃபேனுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினிய வட்டுக்குள் இரண்டு தட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டிலும் வட்டம் வட்டமாகப் பள்ளம் வெட்டியிருக்கும், ஒன்றையொன்று தொடாது. நடுவில் இருப்பது சிலிகான் எண்ணெய் மட்டும். கெட்டிப் பாகில் கரண்டியைச் சுற்றினால் பாத்திரமும் கூடவே திரும்பப் பார்க்கும் அல்லவா, அப்படித்தான் பம்ப் பக்கத்துத் தட்டு ஃபேனை இழுத்துக்கொண்டு போகிறது. முன்பக்கம் சுருளாக ஒரு சின்னப் பட்டை தெரியும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் அது முறுக்கிக்கொண்டு உள்ளே இருக்கும் வால்வைத் திறக்கும், ஒதுங்கியிருந்த எண்ணெய் பள்ளங்களுக்கு வரும், ஃபேன் வேகமெடுக்கும். சூடு தணிந்தால் எண்ணெய் தன் அறைக்குத் திரும்பிவிடும், ஃபேன் மெல்லச் சுற்றும். ஆக, அந்த எண்ணெய்தான் கிளட்ச். எண்ணெய் போய்விட்டால் மீதி இருப்பது வெறும் உலோகம்.

2. வண்டியைத் தொடுவதற்கு முன் வண்டிக்காரரைக் கேள். "ஹீட் ஆகுது" என்பார். எங்கே ஆகுது, எப்போது ஆகுது என்று கேட்கிறவன்தான் மெக்கானிக். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கல்லாறு தாண்டி பர்லியார் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஏசி குளிர மாட்டேன் என்கிறது, சமவெளியில் நல்ல வேகத்தில் போனால் முள் தானாக இறங்கிவிடுகிறது என்றால் ஃபேன் கிளட்சைச் சந்தேகப்படு. வேகமாக ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும், அப்போது ஃபேன் தேவையே இல்லை. ஓட்டத்திலும் சூடாகிறது என்றால் கோளாறு வேறிடம்: ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தண்ணீர் குறைவு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் வரைக்கும் யோசிக்க வேண்டும். ஒரு டிராவல்ஸ் டிரைவர் வந்தார். அவர் வண்டிக்கு வேறொரு இடத்தில் ரேடியேட்டரை மாற்றியிருந்தார்கள், வாட்டர் பம்பை மாற்றியிருந்தார்கள்; சூடு மட்டும் போன பாடில்லை. "எந்த இடத்துலங்க ஏறுது?" என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாருமே கேக்கலீங்க" என்றார். மலையில்தான் என்று அவர் சொன்னபோதே பாதி வேலை முடிந்துவிட்டது.

3. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேனோடு பேசு. சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும். ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடு. கொஞ்சம் பிடிமானத்தோடு சுற்றி உடனே நிற்க வேண்டும். பல சுற்று சும்மா ஓடினால் எண்ணெய் போயிற்று. அசையவே மறுத்தால் உள்ளே பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட வண்டி சூடாகாது, ஆனால் எந்நேரமும் லாரி போல இரையும், டீசலைக் குடிக்கும். பிறகு இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். கால் அங்குலத்துக்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. கடைசியாக வட்டின் நடுவைப் பார்: மையத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புக் கோடுகள் ஓடி, அதில் புழுதி அப்பியிருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. கை காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்கட்டும், கண் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் மட்டும் வாயைத் திற.

எஞ்சின் ஓடும்போது சுருட்டிய செய்தித்தாளை நீட்டி ஃபேன் நிற்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதை வீரம் என்று நினைத்து நீயும் செய்யாதே.

4. உடம்பைக் காப்பாற்றிக்கொள், வேலை எங்கேயும் போகாது. எனக்கு வேலை கற்றுத்தந்த மேஸ்திரி பானட்டைத் தூக்குவதற்கு முன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாசல் ஆணியில் மாட்டுவார். பிறகு பையன்கள் கையைப் பார்ப்பார். கோயில் கயிறு தொங்கினால் மேலே ஏற்றிக் கட்டச் சொல்வார். மோதிரம் இருந்தால் கழட்டச் சொல்வார். அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நீயும் அப்படியே செய்; பேட்டரியின் மைனஸ் ஒயரையும் கழட்டிவிட்டு ஆரம்பி. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதே: அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்ததும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ரேஸ் பண்ணும்போது ஃபேனுக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதே, யாரையும் நிற்கவிடாதே. பழைய பிளாஸ்டிக் இறக்கையில் அடிப்பக்கம் மயிரிழைக் கீறல் இருந்தால் அது எப்போது பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

5. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிவிட்டு வேலை செய். பழைய பெட்டி அட்டை போதும். ரேடியேட்டர் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும். கை தவறிய ஸ்பேனர் குழாயையே ஓட்டை போட்டுவிடும். நான் இதைச் சொந்தக் காசில் கற்றேன்.

6. பெல்ட்டைக் கழட்டும் முன் நட்டுகளைத் தளர்த்து. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது புல்லி திரும்பாது, நட்டு சுலபமாக இளகும். பெல்ட்டை முதலில் கழட்டிவிட்டால் நட்டோடு சேர்ந்து புல்லியும் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே ஆத்திரம் வரும், ஸ்க்ரூ டிரைவரை எங்காவது முட்டுக்கொடுக்கத் தோன்றும், அது எதையாவது உடைக்கும். துரு ஏறிய நட்டுக்கு முந்தின நாள் சாயந்திரமே எண்ணெய் விட்டு வை. வேறு சில வண்டிகளில் நாலு நட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு இருக்கும். எஞ்சின் ஓடும்போது தானாக இறுகும் பக்கமாக அதில் மரை போட்டிருப்பார்கள். அது இடமா வலமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். தெரிந்துகொண்டு திருப்பு. அடி மேல் அடி வைத்தால் அம்மி நகரலாம், கண்ணு. வாட்டர் பம்ப் தண்டு வளையத்தான் வளையும்.

7. கழட்டிய இடத்தில் அக்கம்பக்கம் பார். கிளட்ச் ஆடியிருந்தால் வாட்டர் பம்ப் பேரிங்கும் அடி வாங்கியிருக்கும். பம்ப் தண்டை ஆட்டிப் பார், கீழே உள்ள சின்னத் துளையில் கூலண்ட் கசிந்த கறை இருக்கிறதா பார். பெல்ட்டைத் திருப்பிப் போட்டு வெடிப்பு பார்.

8. கவரைத் திரும்ப மாட்டு. இதை நான் அதட்டியே சொல்வேன். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கவர், வேலை செய்யும்போது இடைஞ்சல்தான். பல வண்டிகளில் ஃபேனையும் அதையும் சேர்த்தே தூக்கி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் திரும்ப மாட்டச் சோம்பல் வரும். எத்தனை பட்டறைகளின் பின்பக்கச் சுவரோரம் இந்தக் கவர்கள் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கின்றன என்று போய்ப் பார்! "அது இல்லாட்டியும் ஓடும் சார்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஓடும், உண்மை. ஆனால் கவர் இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் சுற்றும் எஞ்சின் சூட்டையே இழுத்து இழுத்து விடும். புதுக் கிளட்ச் போட்டும் மலையில் முள் ஏறும். வண்டிக்காரர் கிளட்சைக் குறை சொல்வார், நீ கம்பெனியைக் குறை சொல்வாய், கவர் சுவரோரம் கிடக்கும். கவரின் ஓரத்தில் ரப்பரோ ஸ்பாஞ்சோ இருந்தால் அதையும் விடாதே. யாரும் பார்க்காத போல்ட்டை இறுக்குகிறாயா என்பதில்தான் உன் தொழில் இருக்கிறது.

9. குறுக்குவழி கேட்பவரிடம் பொறுமையாக மறுத்துப் பேசு. "கிளட்சை லாக் பண்ணி டைரக்டா சுத்த விட்டுடு" என்பார்கள். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். நெடுஞ்சாலையில் தேவையே இல்லாத காற்றுக்காக எஞ்சின் அத்தனையையும் கொடுத்துக்கொண்டே இருக்கும்; இறக்கையும் பம்ப் பேரிங்கும் அதற்கென்று செய்தவை அல்ல. இன்னொரு வைத்தியம், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு" என்பது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் சூடான பிறகு சுற்றுவழியை அடைத்துத் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அதைக் கழட்டினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டரையே பார்க்காமல் திரும்பிவிடும். ஊட்டிக் குளிரில் எஞ்சின் சூடேறாமல் புகை தள்ளும். ஆனால் வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க ஒரு நாளைக்கு எதையாவது செய்வது வேறு விஷயம். அப்படிச் செய்தால் "இது ஊர் போற வரைக்கும்தான்" என்று சொல்லி அனுப்பு.

10. மூடிய பொருளை விற்கிறாய் என்பதை மறக்காதே. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் வண்டிக்காரருக்கே தெரியும். ஃபேன் கிளட்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. நல்லதைக் கெட்டது என்று சொன்னாலும் நம்புவார், டூப்ளிகேட்டை ஒரிஜினல் என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். இந்தத் தொழிலில் மனது வழுக்கும் இடம் இதுதான். ஆகவே சில பழக்கங்களை இப்போதே பிடித்துக்கொள். கழட்டிய பழையதை ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடு; ஆட்டத்தையும் கசிவையும் தொட்டுக் காட்டு. பேரிங் நன்றாக இருந்து, எண்ணெய் மட்டும் குறைந்த பழைய டொயோட்டா கிளட்ச் என்றால் திறந்து எண்ணெய் ஊற்றலாம். கம்பெனியே 18 மில்லி ட்யூபில், வெவ்வேறு கெட்டியில் சிலிகான் எண்ணெய் விற்கிறது. அந்த வழியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடு. காயலான் கடையிலிருந்து வாங்கிப் போட்டால் காயலான் கடைச் சாமான் என்றே பில்லில் எழுது. புதிதை வாங்கும்போது உயரம், துளைகளின் இடைவெளி, சுருள் பட்டை எல்லாம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார். அதைப் படுக்கவைத்து அடுக்கும் கடையில் வாங்காதே. வண்டியில் நிற்பது போல நிறுத்தியே வைக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் இடம் மாறிக் கசியும்.

11. மாட்டியதும் முடிந்ததாக நினைக்காதே. இறக்கையின் முன்பக்கம் முன்னால் இருக்கிறதா பார்; திருப்பி மாட்டினாலும் சுற்றும், காற்றுதான் ஒழுங்காக வராது. நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கூலண்ட் இறங்கியிருந்தால் சுத்திகரித்த தண்ணீர் கலந்து ஊற்று. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்துவிடும். பிறகு ஏசி போட்டு, பட்டறை வாசலிலேயே முள் நடுவில் நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் வேகமெடுக்கும் இரைச்சலைக் காதால் கேள். முடிந்தால் கல்லாறு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வா.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடு. ராத்திரி முழுக்க நிற்கிற வண்டியில் கிளட்சுக்குள் எண்ணெய் பள்ளங்களில் இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் பலமாக இரையும். எண்ணெய் தன் அறைக்குத் திரும்பியதும், கொஞ்ச நேரத்தில், அடங்கிவிடும். புதுச் சாமான் கெட்டுவிட்டதோ என்று பயந்து அவர் உனக்குப் போன் போட வேண்டியதில்லை.