கற்பனை ஓவியங்களும் இனவெறிக் கருத்துகளும்: எதிர்கொள்ளும் முறை

முன்னுரை

கற்பனைக்கு எல்லை இல்லை என்பர். ஆயினும், கற்பனையில் பிறந்த தேவதைக்கும் வீரனுக்கும்கூட இன்ன நிறம்தான் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவோர் இன்று பெருகிவிட்டனர். கணினியில் ஓவியம் வரைந்து சமூக ஊடகங்களில் பகிரும் மாணவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். நானும் அவர்களுள் ஒருத்தி. என் ஊர் ஜொகூர் மாநிலத்தின் காஹாங். கம்போங் பெத்தா வழியாக எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவிற்குச் செல்வோர் எங்கள் ஊரைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். அக்காட்டைக் காக்கும் அரசி ஒருத்தியைக் கறுத்த மேனியும் சுருண்ட கூந்தலும் உடையவளாக வரைந்து வெளியிட்டேன். பாராட்டும் வந்தது; ஏச்சும் வந்தது. அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்று வகை புலப்பட்டது. மூன்றுக்கும் ஒரே மருந்து உதவாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. ஐயமும் விமர்சனமும்

2017-ஆம் ஆண்டு சென்னையில் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் ஆகிய இருவர் கறுத்த நிறமுடையோரை இலட்சுமி, சரசுவதி, சீதை, முருகன் முதலிய தெய்வ வடிவங்களில் படம்பிடித்து வெளியிட்டனர். அப்படத்தொகுப்பு உலகெங்கும் பேசப்பட்டது. ‘காளி கறுப்புதானே, பிறகு என்ன குறை?’ என்று சிலர் கேட்டனர். இஃது ஏச்சு அன்று. விடை கூறத்தக்க வினா.

அதற்கு விடை வரலாற்றில் உண்டு. இரவிவர்மா 1894-ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களைப் பெருமளவில் அச்சிட்டார். அவற்றையும் அவற்றைப் பின்பற்றிய நாட்காட்டிப் படங்களையும் கண்டு வளர்ந்த நமக்கு, இலட்சுமி என்றதும் வெளிர்நிற முகமே மனத்தில் தோன்றுகிறது. காளியைக் கறுப்பாக ஏற்கும் கண், இலட்சுமியை அவ்வாறு ஏற்கத் தயங்குவது ஏன் என்பதே அப்படங்கள் எழுப்பிய கேள்வி. இத்தகைய வினா எழுப்புவோருக்குப் பொறுமையாகவும் சான்றோடும் ஒருமுறை விடை கூறுதல் நன்று.

2. நம்மவர் கேலி

‘கொஞ்சம் வெள்ளையாகப் போட்டிருந்தால் அழகாக இருக்குமே தங்கச்சி.’ என் ஓவியத்திற்கு வந்த இவ்வரியை எழுதியவர் ஒரு தமிழர். பிற இனத்தார் ஏசினால் இனவெறி என்கிறோம். நம்மவர் சொன்னால் அறிவுரை என்கிறோம். மணமகள் தேடும் விளம்பரத்திலும் குழந்தை பிறந்த வீட்டிலும் நாம் கேட்டுப் பழகிய பேச்சுதான் இங்கும் ஒலிக்கிறது. பிறர் நம்மீது வீசும் கல்லை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

இவர்களுக்கு நம் இலக்கியமே விடை கூறும். சங்கப் பாடல்களில் ‘மாமை’ என்பது பெண்ணின் மேனியழகு. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவர். பிரிவுத் துயரால் அந்நிறம் கெட்டு மேனி வெளிறுவது ‘பசலை’. அதாவது, வெளிறுதல் அங்கே அழகு அன்று, நோய். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்கு உரியவனாகக் கூறும் மாயோன் என்னும் பெயருக்கே கருநிறத்தவன் என்பது பொருள். பாஞ்சாலியின் மற்றொரு பெயரான கிருஷ்ணை என்பதன் பொருளும் கறுத்தவள் என்பதே. கேலி செய்தவர் திருந்தாமல் போகலாம். ஆனால் அவ்விடையைப் படிக்கும் நூறு பேரில் ஒரு கறுத்த சிறுமி இருப்பாள். நாம் எழுதுவது அவளுக்காக.

3. வசையும் மிரட்டலும்

மூன்றாவது வகைக்கு விளக்கம் தேவையில்லை. ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது என்பர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. எனினும், ஓர் ஓவியத்தின் கீழ் அதனை எழுதுபவர் வரலாறு கற்பிக்க எழுதவில்லை. அவரோடு வாதிடுவது அவர் விரும்பும் கூட்டத்தைக் கூட்டிக் கொடுப்பதாகும்.

செய்ய வேண்டியவை வருமாறு:

- கருத்தை நீக்குமுன் தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைக்கவும், இணைப்பையும் குறித்துக்கொள்ளவும்.
- பிறகு அக்கருத்தை மறைத்து, அக்கணக்கைத் தடை செய்து, அத்தளத்திடம் புகார் அளிக்கவும்.
- மிரட்டலோ தொடர் தொல்லையோ இருப்பின், சான்றுகளோடு காவல்துறையிலும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யவும்.

2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கு எதிரான 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் நடப்பில் உள்ளன. மனவேதனை விளைவிக்கும் நோக்கோடு இணையத்தில் ஒருவரை இழிவுபடுத்துவதும் மிரட்டுவதும் இவற்றின்கீழ் குற்றமாகும்.

நண்பர்களின் கடமை

2022-ஆம் ஆண்டு ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் கறுப்பினத்தார் குள்ளராகவும் தேவகணத்தாராகவும் நடித்ததற்கு வசைகள் குவிந்தன. அப்போது நடிகர்கள் அனைவரும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு அவர்களுக்குத் துணை நின்றனர். முன்னைய திரைப்படங்களில் நடித்தவர்களும், பல நிறக் காதுகள் பொறித்த சட்டைகளை அணிந்து ஆதரவு காட்டினர். ஏசப்பட்டவர்களைத் தனியே விடாமல் மற்றவர்களும் குரல் கொடுத்தனர்.

நமக்கும் இதுவே பாடம். தோழி ஒருத்தியின் ஓவியத்தின் கீழ் வசையைக் கண்டால், ‘கண்டுகொள்ளாதே’ என்று தனியே செய்தி அனுப்புவதோடு நிற்க வேண்டாம். அனைவரும் காணுமாறு அவ்வோவியத்தைப் பற்றி இரண்டு நல்ல வரிகள் எழுதுங்கள். திரைப்பிடிப்பு எடுப்பதையும் புகார் செய்வதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவ்வசைகளை அவள் மீண்டும் மீண்டும் படிக்க நேராதிருக்கட்டும்.

முடிவுரை

வினாவுக்கு விடை, கேலிக்குக் கல்வி, வசைக்குச் சட்டம் என்று வகை பிரித்துக்கொண்டால் மனம் தளராது. மூன்றிலும் செய்யக் கூடாதது ஒன்றுண்டு. யாருடைய சொல்லுக்கும் அஞ்சி, வரைந்த முகத்தை வெளுக்கக் கூடாது. ஒருமுறை வெளுத்தால், அடுத்த ஓவியத்தில் தூரிகை தானாகவே வெள்ளையைத் தேடும். என் காட்டரசி இன்றும் அதே கறுப்பில்தான் இருக்கிறாள். வரையும் தம்பி தங்கைகளே, உங்கள் அரசர்களும் அரசிகளும் உங்கள் வீட்டார் முகங்களோடு வரட்டும்.