விஎம்முக்குள் விஎம்: டிஸ்க் வேகம் எங்கே தொலைகிறது?

கேள்வி: வீட்டில் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பை 64 ஜிபி ராமுடன் சர்வராக்கி, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டிருக்கிறேன். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதில் இசட்எஃப்எஸ். கிளஸ்டர் பழகுவதற்காக மூன்று விஎம்களில் மறுபடியும் ப்ராக்ஸ்மாக்ஸையே இசட்எஃப்எஸ்ஸோடு நிறுவி, அவற்றுக்குள் டெபியன் விஎம்கள் ஓட்டுகிறேன். வெளியே டிடி கட்டளையால் சோதித்தால் விநாடிக்கு 2000 எம்பிக்கு மேல் வருகிறது. உள்ளே இருக்கும் டெபியனில் அப்டேட் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிவதில்லை. குபெர்நெட்டிஸ் நிறுவினால் அதன் எட்சிடி அடிக்கடி லீடரை மாற்றுகிறது. ராம் கூட்டினால் சரியாகுமா? இன்னும் வேகமான எஸ்எஸ்டி வாங்க வேண்டுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: ராம் போதும். எஸ்எஸ்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் டிடியை ஓரம் கட்டுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் டிடி சோதனை, வெறும் சுழியங்களைப் பெரிய துண்டுகளாக வரிசையாக எழுதிக்கொண்டே போகும். இசட்எஃப்எஸ்ஸில் கம்ப்ரஷன் ஓடினால் அந்தச் சுழியங்கள் டிஸ்க்கை எட்டுவதே இல்லை. நீங்கள் பார்த்த 2000 எம்பி பெரும்பாலும் உங்கள் ப்ராசஸரின் வேகம்தான்.

உங்களை வாட்டுவது வேறு. டெபியனின் டிபிகேஜி கோப்புகளைப் பிரித்து வைக்கும்போதும், எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தைப் பதியும்போதும், ‘இது நிஜமாகவே டிஸ்க்கில் ஏறிவிட்டதா?’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். இப்படிக் கேட்பதற்குப் பெயர் எஃப்சிங்க். எட்சிடியின் ஆவணங்கள், எஃப்சிங்க்குகளில் 99 சதவீதம் 10 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும் என்கின்றன. அது நீண்டுகொண்டே போனால் லீடர் செத்துவிட்டதாக மற்றவர்கள் நினைத்துப் புதுத் தேர்தல் வைத்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் நடப்பது அந்தத் தேர்தல்தான்.

எஃப்ஐஓ கருவியில் 4 கேபி துண்டு, ஒரு நேரத்தில் ஒரே எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் ஓர் எஃப்சிங்க் என்று அமைத்து, வெளிச் சர்வரிலும் நடு விஎம்மிலும் உள் விஎம்மிலும் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். எந்தப் படியில் எண் திடீரென்று சரிகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் அமைப்புகளைத் திருகினால், எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஏன் சரிகிறது? அரசு அலுவலகத்தில் கோப்பு மேஜைக்கு மேஜை நகரும்போது ஒவ்வொருவரும் தம் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்தவரிடம் தள்ளுவார். உங்கள் 4 கேபிக்கும் அந்த கதிதான். டெபியனின் எக்ஸ்ட்4 தன் ஜர்னலில் எழுதுகிறது. நடு விஎம்மின் இசட்எஃப்எஸ் அதை வாங்கி, முதலில் தன் லாகில் எழுதி, சில விநாடி கழித்து உரிய இடத்தில் மறுபடி எழுதுகிறது. வெளியே இருக்கும் இசட்எஃப்எஸ்ஸுக்கு அந்த இரண்டும் இரண்டு தனித்தனி எழுத்துகள். ஒவ்வொன்றையும் அது தன் பங்குக்கு இரண்டு முறை எழுதும். ஒன்று நான்காகிவிட்டது, மெட்டாடேட்டா கணக்கு தனி.

அளவை விட மோசமானது காத்திருப்பு. ஒரு ஃப்ளஷ்ஷுக்கு ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். வீட்டு உபயோக எஸ்எஸ்டியில் இது சகஜம். நான்கு ஃப்ளஷ் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் விநாடிக்கு 250 எழுத்து. 4 கேபியால் பெருக்கினால் விநாடிக்கு 1 எம்பி. பெட்டியின்மேல் 3500 எம்பி என்று அச்சடித்த டிஸ்க்கில்!

விஎம்முக்குள் விஎம் என்பதையே குற்றவாளியாக்குவதும் சரியில்லை. ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வுக்கூடத்தினர் 2010-இல் வெளியிட்ட டர்ட்டில்ஸ் ஆய்வில், சாதாரண வேலைகளில் இரண்டடுக்கு விஎம்முக்கும் ஓரடுக்கு விஎம்முக்கும் வித்தியாசத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குள் அடக்கிக் காட்டினார்கள். நேராகச் செய்தால் இந்த அமைப்பு ஓடும்.

வேறு எதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். நடு விஎம்மின் ப்ராசஸர் வகை ‘ஹோஸ்ட்’ என்று இருக்கிறதா? இல்லாவிட்டால் கேவிஎம் கிடைக்கவில்லை என்ற பிழையோடு உள் விஎம் துவங்க மறுக்கும். அதே பிழைச் செய்தி, கேவிஎம்மை அணைத்துவிடலாம் என்று ஒரு வழியும் சொல்லும். பலர் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘ஓடுகிறதே’ என்று மேலே போய்விடுகிறார்கள். பிறகு உள் விஎம்மின் ஒவ்வொரு ப்ராசஸர் கட்டளையும் மென்பொருளில் நடிக்கப்படுகிறது. அந்த நிலையில் டிஸ்க்கை என்ன செய்தாலும் வீண்.

அது சரியாக இருந்தால், அடுத்த வேலை ஓர் அடுக்கைக் கழற்றுவது. இசட்எஃப்எஸ் ஒரே இடத்தில் இருந்தால் போதும். செக்சம், ஸ்னாப்ஷாட், கம்ப்ரஷன் எல்லாம் வெளியிலேயே கிடைக்கும்போது நடுவில் அதே வேலை எதற்கு? நடு ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவும்போது எக்ஸ்ட்4-ஐத் தேர்ந்தெடுங்கள். எல்விஎம்-தின் தானாக வந்துவிடும், உள் விஎம்களின் டிஸ்க்குகள் அதில் நேரடி பிளாக் சாதனங்களாக இருக்கும். க்யூகவ்2 கோப்பாக வைத்து இன்னொரு அடுக்கைச் சேர்க்காதீர்கள். இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் பழகத்தான் இந்த ஏற்பாடு என்றால் தலைகீழாக்குங்கள்: வெளியே எல்விஎம்-தின், நடுவில் இசட்எஃப்எஸ். என் அனுபவத்தில் மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

பிறகு டிஸ்க் கன்ட்ரோலர். ஐடிஇ, சாட்டா என்று இருந்தால் விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிளுக்கு மாற்றி, ஐஓ த்ரெட்டையும் இயக்குங்கள், இரண்டு அடுக்கிலும். பழைய கன்ட்ரோலர்களில் டிஸ்க்கைத் தொடும் ஒரு சின்ன வேலைக்கே விஎம் பல முறை வெளியேற வேண்டும். உள் விஎம் வெளியேறினால் கட்டுப்பாடு நேராக நடு விஎம்முக்குப் போகாது. வெளிச் சர்வருக்கு வந்து, அங்கிருந்து நடு விஎம்முக்குத் திருப்பிவிடப்படும். அங்கே அதைக் கையாளும்போது மேலும் பல வெளியேற்றங்கள். விர்ட்ஐஓ இந்தப் போக்குவரத்தை வெகுவாகக் குறைக்கிறது. டிஸ்கார்டையும் இரண்டு அடுக்கிலும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் உள்ளே அழித்த கோப்புகளுக்கான இடம் வெளியே திரும்பி வராது, பூல் நிரம்பிக்கொண்டே போகும். வால்பிளாக்சைஸைத் தோண்ட வேண்டாம். இப்போதைய இயல்பான 16 கேபி நன்றாகவே ஓடும். 4 கேபிக்கு இறக்கினால் மெட்டாடேட்டா பெருத்து, கம்ப்ரஷனும் கைவிட்டுப் போகும்.

இவ்வளவும் செய்தபின் எஃப்ஐஓவை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வெளிச் சர்வரிலேயே எண் குறைவாக இருந்தால் மட்டும் எஸ்எஸ்டி வாங்கலாம். வாங்கும்போது எம்பி கணக்கைப் பார்க்காதீர்கள். மின்தடைப் பாதுகாப்பு, அதாவது போர்டிலேயே கெபாசிட்டர்கள் உள்ள மாடலாக இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடித்துவிடலாம் என்ற தைரியத்தில் அது ஃப்ளஷ்ஷுக்கு உடனே தலையாட்டிவிடும். இன்டெல் எஸ்3500, சாம்சங் பிஎம்883 போன்ற பழைய சாட்டா சர்வர் டிஸ்க்குகள்கூட இந்த ஒரு வேலையில் புத்தம்புது வீட்டு என்விஎம்இயை முந்திவிடும். ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்ட் வாங்கினால் ‘சர்வர் எஸ்எஸ்டி’ என்ற வாய்ச்சொல்லோடு விடாமல், மாடல் எண்ணையும் ஸ்மார்ட் அறிக்கையில் தேய்மானத்தையும் பார்த்து வாங்குங்கள். எம்.2 வடிவில் வாங்குவதானால் நீளத்தையும் கவனியுங்கள்: கெபாசிட்டர் உள்ளவை பல 110 மி.மீ. நீளம், டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் 80-க்குத்தான் இடம்.

கேள்வி: யுபிஎஸ் வைத்திருக்கிறேன். இசட்எஃப்எஸ்ஸில் சிங்க்கை அணைத்துவிட்டால் எல்லாம் பறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழகுவதற்கான விஎம்கள் மட்டும் இருக்கும் டேட்டாசெட்டில், தாராளமாக. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை யுபிஎஸ் பார்த்துக்கொள்ளும்; கெர்னல் பானிக்கையும், தடுக்கி விழுந்து பிடுங்கப்படும் ஒயரையும் அது பார்த்துக்கொள்ளாது. அப்படி நடந்தால் கடைசிச் சில விநாடிகள் போய்விடும், ஆனால் இசட்எஃப்எஸ் தன் எழுத்துகளைக் கொத்துக்கொத்தாக முடிப்பதால் விஎம்மின் டிஸ்க் ஒரு பழைய கணத்துக்குத் திரும்புமே தவிர, பாதி புதிதும் பாதி பழையதுமாகக் கலையாது. நடு விஎம்மில் கேஷை ‘அன்சேஃப்’ என்று வைப்பதில் இந்த ஆறுதல் கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பப் புகைப்படங்களும் கடைக் கணக்கும் இருக்கும் டேட்டாசெட்டில் சிங்க்கைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: இரண்டாவதாக ஒரு என்விஎம்இ இருக்கிறது. அதை அப்படியே நடு விஎம்முக்குக் கொடுத்துவிட்டால்?
— அதே வாசகர்

பதில்: சிறந்த வழி. வெளிச் சர்வரின் சேமிப்பு அடுக்கு முழுவதையும் தாண்டிவிடுகிறீர்கள். நடு விஎம்மில் இசட்எஃப்எஸ் வைத்தாலும் அது ஒன்றுதான் இருக்கும். பயாஸில் விடி-டி இயங்க வேண்டும், அந்த என்விஎம்இ தனி ஐஓஎம்எம்யூ குழுவில் இருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டோடு ஒரே குழுவில் மாட்டியிருந்தால் டிஸ்க்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அந்த டிஸ்க்குக்கு வெளியிலிருந்து ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது என்பது ஒரு விலை. இன்னொன்று, சாதனத்தை நேராகக் கொடுத்த விஎம்முக்கு ஒதுக்கிய ராம் முழுவதும் துவங்கும்போதே பூட்டப்பட்டுவிடும், பலூனிங்கால் திரும்ப வாங்க முடியாது. ஆகவே 32 ஜிபி ஒதுக்கிவிட்டு 8 ஜிபிதானே ஓடுகிறது என்று மற்ற விஎம்களை அடுக்காதீர்கள்.