வீதியும் தொலைபேசியும்: போக்குவரத்து, தகவல் தொழினுட்பம் ஏற்படுத்திய சமூக மாற்றங்கள்



இவ்விடயத்தில் வினா வந்தால் பலர் “உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்டது” என்று ஒரே வரியில் விடையை முடித்துவிடுகின்றனர். அவ்வரி மட்டும் போதாது. எது மாறியது, ஏன் மாறியது, யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பவற்றை விளக்க வேண்டும். நமது வன்னியையே உதாரணமாகக் கொள்வோம்.

1. போக்குவரத்து

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி வன்னியின் ஊடாகவே செல்கிறது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் திறக்கப்பட்ட இவ்வீதி, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது. 1990 இல் தடைப்பட்ட வடபகுதிப் புகையிரத சேவை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது.

விளைவுகள்:
• நெல், மீன், மரக்கறி என்பன தூரத்துச் சந்தைகளை அடைகின்றன.
• உயர்கல்விக்கும் சிகிச்சைக்கும் வெளியூர் செல்வது இலகுவாகியுள்ளது.
• அதே வீதியால் இளைஞர்கள் தொழில் தேடி ஊரைவிட்டு வெளியேறுகின்றனர்.

2. தகவல் தொழினுட்பம்

போர்க்காலத்தில் வன்னியில் தொலைபேசி வசதி மிக அரிது. பிரிந்த உறவுகளின் செய்திக்காகக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தனர். இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசுகின்றோம்.

எனினும் எல்லோருக்கும் இவ்வசதி சமமாகக் கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப், சூம் வழியாக நடைபெற்றன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே தொலைபேசி உள்ள வீட்டிலும், சிக்னல் கிடைக்காத ஊரிலும் படிப்பு பின்தங்கியது. இவ்வேறுபாட்டையே இலக்கமுறை இடைவெளி என்கிறோம்.

3. சமூக வாழ்வு

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலைக் கனடாவிலும் இலண்டனிலும் உள்ளோர் நேரலையாகப் பார்க்க முடிகிறது. ஊரில் நிகழும் தாயின் இறுதிக்கிரியையையும் மகன் அவ்வாறே பார்க்கிறான். செலவுக்குப் பணமும் அனுப்புகிறான். ஆனால் பாடை தூக்குவதற்கு அயலவரின் தோள்தான் வேண்டும். செய்தியும் பணமும் தூரத்தைக் கடக்கின்றன. உடனிருத்தல் அவ்வாறு கடப்பதில்லை. இவ்விடயத்தில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய கருத்து இதுவே.

மாதிரி வினா

“தொடர்பாடல் வளர்ச்சி சமூக உறவுகளைப் பலப்படுத்துகிறது.” இக்கூற்றை ஆராய்க.

விடையளிக்கும் ஒழுங்கு: மாற்றம் → காரணம் → இரு நன்மைகள் → இரு பாதிப்புகள் → உமது ஊர் உதாரணம் → முடிவு.

பயிற்சி: ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த நாட்களை நீங்கள் அறியமாட்டீர்கள். அக்காலத்தில் உறவினருக்கு ஒரு செய்தி எவ்வாறு சென்றது, எத்தனை நாள் எடுத்தது என்று அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ இன்றிரவு கேட்டு எழுதுங்கள். அவர்கள் கூறுவதே உங்கள் விடைக்குச் சிறந்த உதாரணமாகும்.