மேற்குச் சுவரின் சூடு

சித்திரை மாதம், இரவு பத்து மணி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "தோசைக்கல்லு மாதிரி இருக்குடா, இதுல எப்படித் தூங்குறது?" என்றார். திருச்சியில் நாங்கள் வெகுகாலம் குடியிருந்த வாடகை வீடு அது. பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியும் மேற்குச் சுவர் ஆறவில்லை. சொந்த வீட்டுக்கு வரைபடம் போட உட்கார்ந்தபோது, அந்தச் சுவரில் இருந்துதான் யோசிக்கத் தொடங்கினோம்.

சூரியனின் போக்கை அறிந்து, இயந்திரம் இல்லாமலே வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 'பாசிவ் சோலார்' என்று பெயர். அது பேர்பெற்றது குளிர்நாடுகளில். 1967-ல் பிரான்ஸின் பிரனீஸ் மலைப்பகுதியில், ஒதெய்யோ என்னும் ஊரில், ஃபெலிக்ஸ் ட்ராம்ப் என்ற பொறியாளரும் ஜாக் மிஷெல் என்ற கட்டடக் கலைஞரும் ஒரு வீடு கட்டினார்கள். தெற்குப் பக்கம் கனத்த கான்கிரீட் சுவர். அதற்குக் கறுப்புப் பூச்சு, முன்னால் கண்ணாடி. பகல் வெயிலைக் குடித்துவைத்த சுவர், இரவில் அதை அறைக்குள் மெல்லக் கசியவிடும். பனி கொட்டும் மலையில் அது வரம். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை மேற்கு வெயிலில் மொட்டையாக நிறுத்தினால் அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெளிப்பக்கம் வாங்கிய சூடு உட்பக்கம் வந்து சேர ஏறத்தாழ ஆறேழு மணி நேரம். நான்கு மணி வெயில், நாம் படுக்கப்போகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது.

ஆகவே குளிர்நாட்டுப் புத்தகத்தில் 'தெற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வையுங்கள்' என்றிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. திருச்சி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரவாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்தே இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தெற்குச் சுவர் நிழலில் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த நாட்களில் வீட்டைக் காய்ச்சுபவை மூன்று: மொட்டைமாடி, காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு.

சன்ஷேடு போட்டாயிற்றே, போதாதா என்று என் தம்பி கேட்டான். தாளில் கோடு போட்டுக் காட்டினேன். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி நீட்டிய சன்ஷேடு, டிசம்பரில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும் நாளிலும்கூட நண்பகலில் ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் தரும். அதே இரண்டடி, மேற்கு ஜன்னலில் மே மாத நான்கு மணிக்கு ஒன்றரை அடியைக்கூட மறைக்காது. சூரியன் அப்போது 35 டிகிரி உயரத்தில் நேருக்கு நேர் நிற்கிறது. தலைக்கு மேல் குடை பிடித்து முகத்தில் அடிக்கும் வெயிலைத் தடுக்க முடியுமா? மேற்கே வேண்டியது செங்குத்தான மறைப்பு. தடுப்புச் சுவர், மூங்கில் தட்டி, துளைகள் விட்ட ஜாலிச் சுவர், மரம், எதுவாக இருந்தாலும் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே திரை போடுவதால் பலன் குறைவு. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான்.

இங்கே வாஸ்து குறுக்கிட்டது. குடும்பத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும் என்றார் பெரியப்பா. வீட்டிலேயே இரவில் அதிகம் புழுங்கும் மூலை அது. அவர் மனதை நோகடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அறையை அங்கேயே வைத்தோம். ஆனால் அதன் மேற்குச் சுவர் நெடுகக் குளியலறையையும் அலமாரிகளையும் கொண்டுவந்தோம். வெயிலில் காயும் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே ஆறடி இடைவெளி. மாடிப்படியையும் மேற்குப் பக்கமே தள்ளினோம். மனை மேற்குப் பார்த்தது, வேறு வழியில்லை என்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: போர்ட்டிகோ, படிக்கட்டு, ஸ்டோர் ரூம் என்று ஆள் படுக்காத இடங்களை எல்லாம் வெயிலுக்கு முன்னால் நிறுத்துங்கள்.

சுவரைக் கட்டியது எலிப்பொறிக் கட்டு முறையில். கேரளத்தில் வாழ்ந்து ஏராளமான சிக்கன வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கும்போது சுவரின் நடுவே மூன்று அங்குல வெற்றிடம் கிடைக்கும். அதில் அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. செங்கலும் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். எங்கள் கொத்தனாருக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "உள்ள ஓட்டையா இருந்தா சுவர் தாங்குமா தம்பி?" என்று கேட்டார். காம்பவுண்டில் பத்தடிக்குக் கட்டிப் பார்த்த பிறகுதான் வீட்டுச் சுவரில் கை வைத்தார்.

இதில் அனுபவப்பட்டுக் கற்றவை இரண்டு. நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வரிசை கோணிக்கொண்டு கலவையை விழுங்கும். அளவு சீரான சேம்பர் செங்கல்தான் இதற்குத் தோது. இரண்டாவது, எந்த இடத்தில் சுவிட்ச், எங்கே பைப் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் பிறகு வந்து வெட்டியபோது உளி நேரே வெற்றிடத்துக்குள் இறங்கியது. அந்த இடங்களைக் கலவை வைத்து அடைத்தோம்.

சுவரைவிடப் பெரிய எதிரி கூரை. நாள் முழுக்க வெயில் வாங்குவது அதுதான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்றைய ஐந்து அங்குல கான்கிரீட் தளத்துக்கு அந்தத் தடுப்பு கிடையாது. 2018-ல் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதிகள், சுவருக்கும் கூரைக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கின்றன. வீடுகளில் சுவரும் ஜன்னலுமாக உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் ஒன்று. நாங்கள் தளத்தின் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு வெள்ளை ஓடு பதித்தோம். வெள்ளை ஓடு தூசி படிந்தால் பழுப்பாகிவிடும்; பழுப்பானால் வெயிலைத் திருப்பி அனுப்பாது. மாசி பிறந்ததும் தேய்த்துக் கழுவுவது இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது.

செய்த தவறையும் சொல்ல வேண்டும். நடுவே எட்டுக்கு எட்டு அடியில் ஒரு முற்றம் வைத்தோம். செட்டிநாட்டு வீடுகளில் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று அனுபவித்த குளுமை மனதில் இருந்தது. மழைக்குப் பயந்து, ஒப்பந்ததாரர் சொன்னபடி அதன் மேல் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டை இறுக்கி மூடினோம். முதல் கோடையில் நடுக்கூடம் உலையாகிவிட்டது. வெயில் தகட்டின் வழியே உள்ளே வந்தது; மேலே ஏறிய சூடான காற்று வெளியேற வழியில்லை. அடுத்த மாதமே தகட்டைக் கழற்றி, ஒன்றரை அடி உயரக் கால்களில் தூக்கி வைத்து, நான்கு பக்கமும் கொசுவலை அடித்தோம். மேலே நிழலுக்குக் கீற்று வேய்ந்தோம். அன்று மாலையே வித்தியாசம் தெரிந்தது. ஊதுபத்தியை ஏற்றி நடுவில் வைத்தால், புகை நேராக மேலே போய் வலை வழியாக வெளியேறியது. கீழ் ஜன்னல்களில் காற்று உள்ளே இழுபடுவது கையில் பட்டது.

ஜன்னல் விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஸ்லைடிங் கதவுகளில். ஐந்தடி ஜன்னலுக்குப் பணம் கொடுக்கிறோம்; திறப்பது இரண்டரை அடிதான். பழைய மாதிரி இரண்டு பக்கமும் விரியும் மரக் கதவுகள் முழுக் காற்றையும் விடும். கூரையை ஒட்டிய வெண்டிலேட்டர்களை இப்போது யாரும் வைப்பதில்லை. அறைச் சூடு போய் நிற்கும் இடமே அதுதான். நாங்கள் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வைத்தோம்.

எப்போது திறப்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் உடம்பில் காற்றுப் படுவதுதான் முக்கியம், பகலிலும் திறந்திருக்கலாம். திருச்சி, மதுரை, வேலூரின் வறண்ட மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஜன்னலைத் திறப்பது அனலை அழைப்பதுதான். எங்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். மாலை ஏழுக்கு மேல் எல்லாம் திறக்கும். ஆடி மாதம் வந்தால் கணக்கு மாறும். மேற்கே இருந்து வீசும் ஆடிக் காற்றுக்காகத்தான் மேற்குச் சுவரை முழுக்க அடைக்காமல் குளியலறைக்கு மேலும் படிக்கட்டிலும் ஜாலி விட்டோம்.

மேற்கே பதினைந்து அடி தள்ளி இரண்டு புங்கை நட்டிருக்கிறோம். பங்குனியில் தளிர்த்து, வெயில் ஏறும் நேரத்தில் அடர்ந்து நிற்கும் மரம் அது. வீட்டுக்கு நிழல் தரும் உயரத்துக்கு வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை சுவருக்கு முன்னால் கம்பி கட்டிக் கோவைக்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார் அம்மா. மாலையில் அதற்குத் தண்ணீர் விடும்போது சுவரிலும் ஒரு வாளி ஊற்றிவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் கோவைக்காய்ப் பொரியலும் செய்துவிடுகிறார்.